ஏட்டையாவுக்கு ஒரு நாற்காலி

அமெரிக்காவுக்கு வந்து ஏழு வருடமாகிறது. பனி பழகிவிட்டது. உப்பு உறைப்பில்லாத சாப்பாடு பழகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாமலேயே அவரிடம் தினமும் 'ஹவ் ஆர் யூ' கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் காரில் ஏறிப் போவதும் பழகிவிட்டது. ஒன்றே ஒன்றுதான் இன்னும் பழகவில்லை. இந்த நாட்டில் கூட்டம் போட்டால் போலீசுக்கு நாற்காலி போடுவதில்லை.

சிரிக்காதீர்கள். செங்கல்பட்டுப் பக்கம் என்றைக்காவது மைக் பிடித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் பக்கத்தில் எங்கள் காலனி. சுடுகாட்டுக்குப் போகிற பாதையை ஒருவர் பிளாட் போட்டு வளைக்கப் பார்த்தார். அதை எதிர்த்து இளைஞர் மன்றம் ஒன்று ஆரம்பித்தோம். மன்றம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு அறை, ஒரு டியூப் லைட், எட்டு பிளாஸ்டிக் நாற்காலி. நாங்கள் கூடும்போதெல்லாம் உளவுப் பிரிவிலிருந்து ஒரு ஏட்டையா வருவார். மஃப்டியில்தான் வருவார், ஆனால் காலில் போலீஸ் பிரவுன் ஷூ. முன்வரிசையில் ஒரு நாற்காலி அவருக்கென்றே ஒதுக்கியிருந்தோம். டீ வந்தால் முதல் டீ அவருக்கு. "தலைப்பு இன்னாப்பா இன்னைக்கு?" என்று கேட்டு எழுதிக்கொள்வார். பேச்சாளர் பெயருக்கு இனிஷியல் சொல்லித் தருவோம். ஒருநாள் வேறொரு கூட்டத்தில் மாட்டிக்கொண்டு தாமதமாக வந்தார். அவர் வந்த பிறகுதான் எங்களைக் கண்காணிக்கும் கூட்டத்தை நாங்கள் ஆரம்பித்தோம்.

இந்த வளர்ப்போடுதான் நான் டெட்ராய்ட்டில் அந்த சர்ச்சுக்குள் போனேன். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது, கறுப்பின மக்களின் சர்ச். என் மனைவி ரோஸி வந்த மாதமே அதில் சேர்ந்துவிட்டாள். எனக்கும் சாமிக்கும் அவ்வளவு பேச்சுவார்த்தை இல்லை. ஆராதனை முடிந்ததும் கீழ்த்தளத்தில் போடுகிற பொரித்த கோழிக்காகவும், நம் கீரைக் கடைசலுக்குத் தூரத்துச் சொந்தமான ஒரு கீரைக்காகவும் போகிறவன் நான். ஆனாலும் என்னை 'பிரதர் ஷேக்கர்' என்றுதான் கூப்பிட்டார்கள். ஊரைவிட்டு இவ்வளவு தூரம் வந்த பிறகு ஒருத்தர் உறவு வைத்துக் கூப்பிட்டால் வயிறு மட்டுமல்ல, மனசும் நிறைகிறது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுக்குப் பிறகு பழைய ஆட்கள் உட்கார்ந்து பேசினார்கள். அறுபதுகளின் கடைசியில் இதே கீழ்த்தளத்தில் இளைஞர் சங்கம் ஒன்று இருந்ததாம். பள்ளிக்கூடம் போகும் குழந்தைகளுக்குக் காலையில் இலவசமாகச் சாப்பாடு போட்டார்கள்; போலீஸ் அடித்தால் ஊர்வலம் போனார்கள். அரசாங்கம் இவர்களுக்குள் ஆள் நுழைத்தது, பொய்க் கடிதம் எழுதியது, ஒருவரை ஒருவர் சந்தேகிக்க வைத்துச் சங்கத்தை இரண்டாக உடைத்தது. இந்த ஒரு சர்ச் மட்டுமல்ல, நாடு முழுக்கக் கறுப்பர்களின் கட்சிகளிலும் சபைகளிலும் இதே வேலை நடந்திருக்கிறது. பாதிப்பேர் அரசியல் வேண்டாம், ஜெபம் போதும் என்றார்கள். மீதிப்பேர் அவர்களைக் கோழைகள் என்றார்கள். உடைவதற்கு வெளியிலிருந்து ஒரு தட்டு போதுமாக இருந்தது. இதையெல்லாம் நான் கேக் தின்றுகொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போது பின்னால் ஒரு வெள்ளைக்காரரைப் பார்த்தேன். டை கட்டியிருந்தார். சுவரோடு சாய்ந்து நின்றபடி நோட்டில் விடாமல் எழுதிக்கொண்டிருந்தார். யாரும் அவரைக் கவனிக்கவில்லை. எனக்கு ஒரே சங்கடம். என்ன மரியாதை தெரியாத ஜனங்கள் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே ஒரு மடக்கு நாற்காலியைத் தூக்கிப்போய் முன்வரிசையில் போட்டு, காபியும் ஒரு துண்டு கேக்கும் எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். பணிவாகக் கேட்டேன்: "சார், நீங்கள் இன்டெலிஜென்ஸ்தானே? முன்னால் வந்து உட்காருங்கள். பேசுகிறவர்கள் பெயரை நான் சொல்கிறேன்."

நான் கொஞ்சம் சத்தமாகப் பேசுகிறவன். ஹால் அப்படியே நின்றுபோனது. அந்த மனிதர் முகம் சிவந்து, தான் நகர நூலகத்திலிருந்து வருவதாகவும் பெரியவர்களின் நினைவுகளைப் பதிவு செய்ய சர்ச்சே கூப்பிட்டதாகவும் திக்கித் திக்கிச் சொன்னார். அதை யாரும் கேட்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். டீக்கன் வில்பர்ட் என்பவர் சர்ச்சின் மூத்த நிர்வாகி, ஆறடிக்கு மேல் உயரம். மெதுவாக எழுந்து வந்தார். "மிஸ்டர், எங்கள் பெயர்களைக் கொடுக்கச் சொல்லி உங்களை அனுப்பியது யார்?" என்றார்.

மிஸ்டர்! அதுதான் சுருக்கென்றது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ரோஸி விடவில்லை. "யோவ், உன்ன நான் சோறு துன்ன இட்டாந்தேன். நீ இன்னாடான்னா போலீசுக்கு சேர் போட்டுகினு கீறே! இன்னா மனுசன்யா நீ!" அடுத்த மூன்று ஞாயிறு நான் உட்கார்ந்த மேசையில் வேறு யாரும் உட்காரவில்லை. கீரை வைப்பவர் கரண்டியைத் தட்டில் இடித்து வைத்தார். நான் அருகில் போனால் பேச்சு வானிலைக்கு மாறியது. நான் எந்தத் தப்பும் செய்யாதவன் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கை எங்கே வைப்பது, யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் திருடன் போலவே நடந்துகொண்டேன். அந்த மூன்று வாரமும் எனக்கு எங்கள் மன்றத்துச் சிநேகிதன் கன்னியப்பன் ஞாபகமாகவே இருந்தது.

நான்காவது ஞாயிறு சிஸ்டர் லொரெட்டா என் மேசைக்கு வந்தார். எழுபத்தாறு வயது, இரண்டு முழங்காலும் போய்விட்டது, நாலடி நடந்தால் நின்று மூச்சு வாங்குவார். பெருமூச்சோடு எதிரில் உட்கார்ந்து, "உங்கள் நாட்டில் ஒற்றனுக்கு நிஜமாகவே நாற்காலி போடுவீர்களா?" என்று கேட்டார். ஏட்டையா கதையைச் சொன்னேன். பிரவுன் ஷூவைச் சொன்னேன், முதல் டீயைச் சொன்னேன். அந்த அம்மாள் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார். "டீக்கன், இங்கே வா, இதைக் கேள்" என்று கத்தினார். டீக்கன் வந்து கேட்டார். சிரிக்கவில்லை, ஆனால் தன் தட்டை எடுத்துவந்து என் பக்கத்தில் வைத்துச் சாப்பிட்டார்.

சிரிப்பு அடங்கியதும் லொரெட்டா பையிலிருந்து ஒரு ஃபைலை எடுத்தார். பல வருடம் மனுப் போட்டு, அரசாங்கத்திடமிருந்து கடைசியாகத் தபாலில் வந்த பழைய ரகசியக் கோப்பின் நகல். பக்கத்துக்குப் பக்கம் பெயர்களின்மேல் கறுப்பு மை. அதில் ஒரு கடிதம் இருந்தது. அவருடைய அண்ணன் ரேமண்ட் போலீசிடம் காசு வாங்குகிறான் என்று பெயர் போடாமல் யாரோ சங்கத்துக்கு எழுதியது. அதற்கு அடுத்த பக்கம்தான் விஷயம். அந்தக் கடிதத்தைத் தயாரித்ததே அதிகாரிகள். மட்டமான தாளில் எழுத வேண்டும், சங்கத்து ஆள் எழுதியதுபோல் நாலைந்து எழுத்துப்பிழை விட வேண்டும் என்று குறிப்பு எழுதியிருந்தார்கள்; அதற்கு மேலதிகாரி சம்மதமும் கொடுத்திருந்தார்.

ரேமண்ட்தான் தினமும் விடியற்காலையில் வந்து அடுப்பு மூட்டுகிறவராம். கடிதம் வந்த வாரமே கூட்டம் போட்டு அவரை விலக்கினார்கள். அவர் போன பிறகு அடுப்பு மூட்ட ஆளில்லாமல் குழந்தைகள் சாப்பாடும் நின்றது. வேறு ஊருக்குப் போனவர் கடைசிவரை தங்கையிடம் பேசாமல் இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் கோப்பு வந்தது. "விலக்கலாம் என்று கையைத் தூக்கியவர்களில் நானும் ஒருத்தி," என்றார் லொரெட்டா. தூக்கிய கையை மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

கோழித் தட்டைத் தள்ளிவைத்தேன். இதற்கு எங்கள் ஊரில் பெயரே உண்டே, மொட்டைக் கடுதாசி என்று. எங்கள் மன்றத்துக்கும் ஒன்று வந்தது, பதினேழு வருடத்துக்கு முன்னால். கன்னியப்பன் எங்கள் மன்றத்தின் மூளை. சர்வே நம்பரும் புலப்படமும் அவனுக்குத் தண்ணி பட்ட பாடு. தாலுகா ஆபீசில் அவனைப் பார்த்தால் கிளார்க் எழுந்து உள்ளே போய்விடுவார். 'மன்றத்துக் கூட்ட ரிப்போர்ட் கன்னியப்பன் கையெழுத்தில் போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிறது, வேண்டுமானால் போய்ப் பாருங்கள்' என்றது அந்தக் கடுதாசி. இரண்டு பேர் போய்ப் பார்த்தார்கள். இருந்தது. அவனுடைய அழகான கையெழுத்தேதான்.

இருக்காமல் என்ன செய்யும்? அதற்குச் சில மாதம் முன் ஒரு கூட்டத்துக்கு ஏட்டையா உடைந்த மூக்குக் கண்ணாடியோடு வந்தார். எல்லோரும் போன பிறகு எங்கள் இரண்டு பேரிடமும், "யப்பா, எனக்கு ஒண்ணும் தெரில. நீங்களே எழுதிக் குடுத்துருங்களேன், புண்ணியமாப் போவும்" என்றார். கன்னியப்பன் சிரித்துக்கொண்டே எழுதினான். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகச் சொன்னவன் நான்தான். எங்களைப் பற்றியே 'இவர்கள் அமைதியானவர்கள், நல்ல குணம் உடையவர்கள்' என்றுகூட எழுதவைத்தேன்.

கடுதாசியைக் கூட்டத்தில் படித்தவனும் நானே. "கன்னி, நீ போய்டு" என்று சொன்னவனும் நானே. அந்த ரிப்போர்ட்டை நாங்கள் இரண்டுபேரும் சேர்ந்துதான் எழுதினோம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அது வாய்வரை வந்தது. சொன்னால் என்னையும் சந்தேகப்படுவார்களே என்று பயந்து விழுங்கிவிட்டேன். கன்னியப்பன் போய்க் கடப்பாக்கத்தில் மாமியார் வீட்டோடு தங்கிவிட்டான். புலப்படம் பார்க்கத் தெரிந்த ஆள் இல்லாமல் ஆறே மாதத்தில் சுடுகாட்டுப் பாதை வழக்கு படுத்தது, பாதையில் கேட் விழுந்தது. என் அப்பா செத்தபோது பாடையை மெயின் ரோடு வழியாகச் சுற்றித்தான் தூக்கிப்போனோம். பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தான். எங்களுக்கு அந்தக் கடுதாசியை எழுதியது யார் என்று இன்றுவரை தெரியாது. போலீசாக இருக்கலாம், பிளாட் போட்டவராக இருக்கலாம், எங்களில் ஒருத்தனாகவும் இருக்கலாம். கறுப்பு மை பூசியாவது எனக்கு எந்தக் கோப்பும் வரப்போவதில்லை.

இவ்வளவையும் லொரெட்டாவிடம் சொன்னேன். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. "எனக்குத் தெரியாது, நான் ஏமாந்தேன். உனக்குத் தெரிந்திருந்தது," என்றார். பிறகு, "அவர் உயிரோடு இருக்கிறாரா?" என்றார். இருக்கிறான் என்றேன். "அப்புறம் ஏன் என்னிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாய்?"

சனிக்கிழமை காலை கன்னியப்பனை ஃபோனில் கூப்பிட்டேன், அங்கே சாயங்காலம். என் தங்கை நம்பர் வாங்கிக் கொடுத்திருந்தாள். ஆலம்பரைக் கோட்டைக்குப் போகிற வழியில் வறுத்த மீன் கடை வைத்திருக்கிறானாம்.

"ஆர்ரா... சேகரா? டேய்! இன்னாடா திடீர்னு? அம்மா நல்லாக்கீதா?"

எண்ணெய் பொரிகிற சத்தம் கேட்டது. இரண்டு வார்த்தை நலம் விசாரித்துவிட்டு நேராகச் சொன்னேன். "கன்னி, அன்னைக்கு அந்த ரிப்போர்ட்ட நான்தான்டா சொல்லச் சொல்ல நீ எழுதினே. எனக்கு ஞாபகம் இருந்துச்சு. பயந்துகினு வாயத் தொறக்கல."

"தெரியும்டா," என்றான். கரண்டியை வைக்கிற சத்தம். "நீ சொல்லுவே, இப்ப சொல்லுவேன்னுதான் வாசப்படி வரிக்கும் மெதுவா நடந்தேன். ஒருத்தனும் குந்துடான்னு சொல்லல. ஏட்டையா ஒருத்தர்தான் 'தம்பி, ஒக்காருப்பா'ன்னாரு. போலீஸ்காரன் சொல்லி நான் எப்புட்றா குந்துறது? நீயே சொல்லு."

அழுதேன், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. அவனே தொடர்ந்தான். "ஏட்டையா ரிடேர் ஆயிட்டாரு. மாசத்துல ஒரு தபா வந்து மீன் துன்னுட்டுப் போவாரு. அவருக்குக் கடைல ஒரு சேரு கீது. நீயும் வா, வஞ்சிரம் வறுத்துத் தரேன். ஆனா குந்துன்னு நான் சொல்ல மாட்டேன்டா. வாய் வரல." ஒரு வாடிக்கையாளர் வந்துவிட்டார் போல. "வெச்சுடறேன், வெச்சுடறேன்" என்று வைத்துவிட்டான்.

மாசியில் ஊருக்குப் போக டிக்கெட் போட்டுவிட்டேன். நேற்று ஞாயிறு, வழக்கம்போல் கீழ்த்தளத்துக்குப் போனேன். டீக்கன் வில்பர்ட் தன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி, "பிரதர் ஷேக்கர், உட்காருங்கள்" என்றார். எத்தனை வாரம் காத்திருந்த வார்த்தை! இங்கே உட்காரச் சொல்கிறார்கள், அங்கே சொல்ல மாட்டேன் என்கிறான். இரண்டுமே நியாயம்தான். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

"இந்த நாற்காலியும் போலீசுக்கா?" என்று எதிர்வரிசையிலிருந்து லொரெட்டா கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

"இல்லை சிஸ்டர்," என்றேன். "அவனிடம் பேசிவிட்டேன். என்னை உட்காரச் சொல்ல வாய் வரவில்லை என்கிறான்."

அவர் சிரிப்பை நிறுத்தினார். மேசையைப் பிடித்து எழுந்தார். அந்தப் பாழாய்ப்போன முழங்கால்களோடு ஹாலைக் கடந்து மெதுவாக வந்து, என் பக்கத்தில், அவரும் நின்றார்.