நூறு என்று நான் சொன்ன காய்ச்சல்

மலாயாவில், பெடாஸ் பக்கத்து எங்கள் ரப்பர் தோட்டத்தில், மரத்துக்கு மரம் பால் அளந்துகொண்டிருந்தேன். தோட்ட ஆஸ்பத்திரியிலிருந்து, ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் சைக்கிளில் வந்தார்.

"கிராணி, வேலய விடுங்க. பாக்கியம் போயிருச்சு."

கையிலிருந்த மங்குக் கிண்ணத்தில் எவ்வளவு பால் என்று எழுதி முடித்துவிட்டுத்தான் நடந்தேன். ஏன் எழுதினேன் என்று இன்றும் தெரியவில்லை.

என் மனைவி பாக்கியத்தை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவள் கூலிக்குப் பால் வெட்டியவள். கணக்கெழுதும் கிராணி நான் அவளை மணந்ததற்கு மற்ற கிராணிகள் சிரித்தார்கள். அவள் அவர்களைப் பார்த்து இன்னும் சத்தமாகச் சிரித்தாள்.

நல்ல மரங்களைத் தேர்ந்தெடுப்பது என் வேலை. ஒரு மாலை, முந்நூறு மரங்களின் பால் அளவைக் கட்டத்தாளில் புள்ளிகளாக வைத்துக்கொண்டிருந்தேன். நடுவில் புள்ளிகள் குவிந்து, இருபுறமும் சரிந்து மெலிந்தன.

"காலைல பெரட்டுல பேர் குடுக்க ஆளுங்க நிக்கிற மாதிரியே இருக்கே. நடுவுல நெரிசல், ஓரத்துல ஒண்ணு ரெண்டு" என்றாள் பாக்கியம்.

பிறகு என் தாளை எட்டிப் பார்த்தாள். நான் ஒப்பிட்ட இரண்டு நெரை மரங்களுக்கும் சராசரி ஒன்றாக வந்ததால் இரண்டும் சமம் என்று எழுதியிருந்தேன்.

"சமமா? இந்த நெரையில எல்லா மங்கும் ஒரே மட்டம். அந்த நெரையில ஒண்ணு வழியும், ஒண்ணு காயும். நீங்க ஒருநாளாச்சும் வாளி தூக்கியிருந்தாத்தானே லா!"

ஒவ்வொரு மரமும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று கண்டு, அதை அதனாலேயே பெருக்கி, அவற்றின் சராசரிக்கு வர்க்கமூலம் எடுத்தேன். ஸ்டாண்டர்ட் டீவியேஷன் என்று நான் படித்தது அதுதான். முதல் நெரைக்குச் சிறிதாகவும் இரண்டாவதற்கு நான்கு மடங்காகவும் வந்தது. அவள் அதைச் சிதறல் என்றாள். "மொதல்ல சிதறலப் பாருங்க, அப்புறம் சராசரி" என்று அடுப்பைப் பார்க்கப் போனாள்.

சென்ற மாதம் அவளுக்குக் காய்ச்சல் கண்டு, தோட்ட ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். மூன்றாம் நாள், அங்கே வைத்தியம் பார்க்கும் டிரெசர் கட்டிலில் தொங்கிய காய்ச்சல் அட்டையைக் காட்டினார்.

"லோரி சிரம்பானுக்குப் போகுது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடலாமா? நீங்கதான் சொல்லணும்."

காலையில் தொண்ணூற்றேழு டிகிரி, மாலையில் நூற்று மூன்று. மூன்று நாளும் அப்படித்தான். மனத்துக்குள் கூட்டி வகுத்தேன்.

"சராசரி நூறுதானே. லோரியில குலுங்கிக்கிட்டுப் போக வேணாம். ரெண்டு நாள் பாப்போம்."

பாக்கியம் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாள். "கணக்குப் போட்டுட்டீங்களா?" என்று கேட்டாள். போட்டுவிட்டேன் என்றேன். "அப்பச் சரி" என்று கண்களை மூடிக்கொண்டாள்.

லோரி போய்விட்டது. இரண்டாம் நாள் மண்டோர் வந்தார்.

காரியம் முடிந்ததும் டிரெசரிடம் அந்த அட்டையைக் கேட்டு வாங்கி, புள்ளிகளை வைத்துப் பார்த்தேன். கீழே ஒரு குவியல், மேலே ஒரு குவியல். நடுவில், நூறு என்ற கோட்டில், ஒரு புள்ளிகூட இல்லை.

பாக்கியம், நான் சொன்ன அந்தச் சூடு உன் உடம்பில் ஒரு வேளையும் இருக்கவில்லை. என் கணக்கை நம்பிக் கண்மூடினாய். போய் வா, அம்மா.