அடுத்த விரதம் எப்போது

சித்ரா பௌர்ணமிக்கு மறுநாள் காலை, சாமி அறையில் மாட்டியிருந்த காலண்டரைப் புரட்டி அடுத்த விரதம் எப்போது வருகிறது என்று தேடிக்கொண்டிருந்தேன். வைகாசி விசாகத்துக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. அதுவரை குடிக்காமல் எப்படித் தாண்டுவது என்று தெரியவில்லை. நான் தேடியது பக்தியில் அல்ல, பயத்தில். என்னைப் போல் குடியை விட முடியாதவர்கள் எங்காவது கூடுவார்களே, அங்கே போனால் என்ன என்ற எண்ணம் அப்போதுதான் முதலில் வந்தது.

எங்கள் ஊரான கிள்ளானில் குடிக்காமல் இருக்க ஒரே ஒரு காரணம்தான் செல்லும். மருந்து சாப்பிடுகிறேன் என்றால் பீர் மருந்தை ஒன்றும் செய்யாது என்பார்கள். கார் ஓட்ட வேண்டும் என்றால் வேறொருவன் சாவியை வாங்கிக்கொள்வான். விரதம் என்றால் மட்டும் நீட்டிய கை பின்வாங்கும். தைப்பூசத்தின்போது இதைக் கண்டுகொண்டேன். பொறியியல் படித்தவன், ஒரு வழி வேலை செய்தால் அதை இன்னும் எவ்வளவு நீட்டலாம் என்று பார்க்காமல் இருக்க முடியாது. பூசம் முடிந்த மறுநாள், மேருவில் நாங்கள் வேலை செய்யும் தொழிற்சாலைக்குப் பின்னால், நண்பன் கார் டிக்கியைத் திறந்து, பீர் அடுக்கிய ஐஸ் பெட்டியைக் காட்டினான்.

"முடிஞ்சிருச்சு லா மச்சான். முருகனே பெர்மிஷன் குடுத்துட்டாரு."

"பங்குனி உத்திரம் வரைக்கும் வேண்டியிருக்கேன்டா."

"எதுக்கு?"

"வேலைக்கு."

"உனக்குத்தான் வேலை இருக்கே."

"ப்ரமோஷனுக்கு."

பங்குனி போய்ச் சித்திரையும் வந்தது; விரதத்தைச் சித்ரா பௌர்ணமி வரை நீட்டினேன். அதற்குள் அம்மா வீட்டில் கறி சமைப்பதையே நிறுத்திவிட்டார். எனக்காக அப்பாவும் தங்கையும் மரக்கறி சாப்பிட்டார்கள். தங்கை என்னைப் பார்க்கும் பார்வையில் கோழிக்கறி தெரிந்தது. கோயிலில் என்னை இளைஞர் பிரிவுச் செயலாளராக்கினார்கள். "என் பிள்ளைக்கு சாமிதான் எல்லாம்" என்று அம்மா வேலி ஓரம் நின்று பக்கத்து வீட்டு ஆன்டியிடம் சொல்வது என் அறைக்குக் கேட்கும். நான் குடித்தது அம்மாவுக்குத் தெரியும். விட முடியாமல் குடித்தது தெரியாது. உண்மையைச் சொன்னால் வேலி ஓரம் பேசப்படும் அந்தப் பிள்ளை காணாமல் போவான். சொல்லாவிட்டால் விரதம் முடிகிற அன்றைக்கே நான் குடிப்பேன். எந்தப் பக்கம் தள்ளினாலும் கதவு திறக்கவில்லை.

கிள்ளானில் போனால் தெரிந்த முகம் இருக்கும். அதனால் தலைநகரில் இருக்கும் பிரிக்பீல்ட்ஸ். கடை வரிசையின் மேல்மாடி, பெயர்ப்பலகை கிடையாது என்று இணையத்தில் போட்டிருந்தது. ரயிலில் போய் இறங்கி அந்த வரிசையை மேலும் கீழுமாக நடந்தேன். கடைசியில் மாலை கட்டிக்கொண்டிருந்த ஒருவரிடம் கேட்டேன்.

"அண்ணே, மேல மீட்டிங் எங்க நடக்குது?"

"எந்த மீட்டிங்? டைரக்ட் செல்லிங்கா, ஜெபமா?"

"இல்ல… கிளாஸ் மாதிரி."

"யோகாவா?"

"ஆமா."

அவர் காட்டிய படியில் ஏறினேன். "பாய் கொண்டு வரலியா? பரவால்ல, இங்க இருக்கு" என்று ஒரு ஆன்டி என்னை முன்வரிசையில் நிறுத்திவிட்டார். ஒரு காலில் நின்றபடி, இங்கிருந்து எப்படிக் கழன்றுகொள்வது என்று யோசித்தேன். பொய் சொல்லி மாட்டிக்கொள்வது எனக்குக் கைவந்த கலையாகியிருந்தது. கைப்பேசி அடித்தது போல் நடித்து இறங்கி வந்து, பூக்கடைக்காரரிடம் நேராகச் சொன்னேன்.

"குடிய நிறுத்தறவங்க கூடுற இடம்ணே."

அவர் நூலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பின் சந்துல படி இருக்கு. முதல்லயே சொல்லியிருக்கலாம் லா."

மேலே பிளாஸ்டிக் நாற்காலிகளில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். என் முறை வந்ததும் விரத முறையை, அலுவலகத்தில் திட்டம் விளக்குவது போல் விளக்கினேன். விசாகம், ஆடி, புரட்டாசி என்று கோத்தால் ஆண்டு முழுவதையும் ஓட்டிவிடலாம் என்றேன். எதிரே இருந்த லோரி ஓட்டுநர் சிரிக்க ஆரம்பித்தார்.

"நான் ஐயப்பனுக்கு மாலை போட்டேன் பாஸ். சபரிமலைக்கே போனேன். திரும்பி வரப்ப டியூட்டி ஃப்ரீல ரெண்டு பாட்டில்."

"எனக்கு லெந்து, தவக்காலம்" என்றார் பக்கத்திலிருந்த டீச்சர். "ஈஸ்டர் பூசைக்குப் போறப்பவே ஹேன்ட்பேக்ல பாட்டில் இருந்துச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்ச நேரம். அவர்கள் யாரும் விரதத்தை முறிக்கவில்லை. ஒழுங்காக முடித்திருந்தார்கள். முடிந்ததுதான் சிக்கல்.

"வீட்டுல தெரியுமா?" என்று டீச்சர் கேட்டார்.

"விரதம்னு தெரியும்."

"அப்ப நீங்க திரும்பக் குடிச்சாலும் யாருக்கும் தெரியாது. விரதம் முடிஞ்சிருச்சுன்னு சொல்லிடுவீங்க."

கிள்ளானுக்குத் திரும்பும் ரயிலில், உண்மையை அம்மாவிடம் எங்கே வைத்துச் சொல்லலாம் என்று கணக்குப் போட்டேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காப்பார் ஊரில் மாமா மகளுக்குப் பிறந்தநாள் விருந்து. நண்பர்கள் வருவார்கள், ஐஸ் பெட்டியும் வரும். அம்மாவை நான்தான் காரில் கூட்டிப் போகிறேன். அப்பாவும் தங்கையும் முன்னாலேயே போய்விடுவார்கள். அந்தச் சாலையில் எப்படியும் ஜாம் இருக்கும், இரண்டு பேரும் இறங்க முடியாது. சொன்ன பிறகு அம்மா என்ன செய்வார் என்று தெரியவில்லை. அழலாம். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளலாம். எதுவானாலும் சாமி பெயரை இழுக்காமல் சொல்லிப் பார்க்கப் போகிறேன். "அம்மா, நான் இருக்கிறது விரதம் இல்ல" என்று தொடங்கலாம் என்று இருக்கிறேன். அடுத்த வாக்கியம் இன்னும் அமையவில்லை.