ஐந்தாவது பாட்டில் ஓர் இருமல்

என் முதல் ஆல்பத்தின் அட்டையில் என் செல்போன் எண் இருக்கிறது. வேறு எந்தப் பாடகரும் இந்தக் காரியத்தைச் செய்திருப்பார் என்று தோன்றவில்லை. கல்யாணக் கச்சேரிக் குழுவில் பல வருஷம் கீபோர்டு வாசித்தவன் நான். எனக்குத் தெரிந்த விளம்பரம் எல்லாம் ஃபிளெக்ஸ் பேனர்தான். மேலே சாமி படம், நடுவில் நம் படம், கீழே ‘தொடர்புக்கு’. இது உலகத் தரத்தில் வர வேண்டிய ஆல்பம் என்பதால் சாமி படத்தை மட்டும் எடுத்துவிட்டு, மற்ற இரண்டையும் அப்படியே இணையத்தில் ஏற்றினேன்.

நான் போட்டது சிந்த்-பாப். அயோத்தியாப்பட்டணத்தில் என் செல்போன் சர்வீஸ் கடைக்கு வந்து கேட்டவர்களுக்கெல்லாம் இப்படித்தான் விளக்கினேன்: தபேலா கிடையாது, வயலின் கிடையாது, எல்லாச் சத்தமும் சிந்தசைசர் என்ற ஒரே பெட்டிக்குள்ளிருந்து கிளம்பும், அதன்மேல் ஒருவர் அதிகம் அலட்டிக்கொள்ளாமல் பாட வேண்டும். அலட்டிக்கொள்ளாமல் பாடுவது எனக்கு ரொம்ப வசதி. எனக்குப் பாட வராது.

எட்டுப் பாட்டு. யாரிடமும் கற்றுக்கொள்ளாமல், வீடியோ பார்த்துப் பார்த்து, படுக்கையறை ஜன்னலுக்கு மெத்தையைச் சாத்தி வைத்து, ஃபேனை நிறுத்தி, வேர்க்க வேர்க்கப் பதிவு செய்தேன். கேட்டவர்கள் சொன்னதை எல்லாம் கடை பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். ஜனங்கள் போகிற போக்கில் சொல்வதை எழுதி வைப்பது என் பழக்கம். என் பாட்டைவிட அது நன்றாக இருக்கும். எங்கள் குழுவின் டிரம்ஸ்காரர் மூன்று பாட்டைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரிண்ணா, டெஸ்டிங் முடிஞ்சுதுல்ல, பாட்டப் போடுங்க” என்றார். கடைக்கு டிஸ்ப்ளே மாற்ற வந்த ஒருவர், “இது சார்ஜ் ஏறுற சத்தங்களா?” என்று கேட்டார். குழுவின் ஓனர் மட்டும் கொஞ்சம் யோசித்துத் தீர்ப்புச் சொன்னார்: “நல்லாத்தான் இருக்கு. ஆனா கல்யாணத்துல வாசிச்சிராத. பொண்ணு உக்காந்து யோசிக்க ஆரம்பிச்சிரும்.”

என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு ஆத்தூர். அவள் அண்ணன் அங்கே ஜவ்வரிசி ஆலை வைத்திருக்கிறார். மரவள்ளிக் கிழங்கு லோடு வரும்போது நின்று பார்த்து இறக்க நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று இரண்டு வருஷமாக என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார். “மாப்ள, அந்தப் பொட்டிய அமுக்கிட்டு எத்தன நாளைக்கு உக்காந்திருப்பீங்க” என்பார். ஆல்பம் வந்த அன்று என் மனைவி ஒரு நிபந்தனை போட்டாள்.

“ஒரு வருஷம். நமக்கு முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர், ஒரே ஒருத்தர், மொத்தத்தையும் கேட்டாங்கன்னு காட்டுங்க. அண்ணங்கிட்ட நான் பேசிக்கறேன். இல்லன்னா பெட்டிய யாருக்காச்சும் குடுத்துட்டு ஆத்தூருக்குக் கெளம்புங்க.”

ஒரே ஒருத்தர்தானே என்று சிரித்தேன்.

பாடகர்களுக்கென்று ஒரு செயலி உண்டு. நம் பாட்டை எந்த ஊரில் எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று அது காட்டும். பத்து மாதம் அதைத் தினமும் பார்த்தேன். யாராவது வருவார்கள், முதல் பாட்டில் அரை நிமிஷம் இருப்பார்கள், தப்பான வீட்டுக்குள் நுழைந்தவர்கள் மாதிரி போய்விடுவார்கள். பதினோராம் மாதம் ஒரு நாள் காலையில் செயலியைத் திறந்தால்: நாமக்கல், ஒருவர். அதிகாலை ஐந்து மணிக்கு ஆரம்பித்து எட்டுப் பாட்டையும் கேட்டு, மறுபடி முதலிலிருந்து கேட்டு, பொழுது சாயும்வரை நிறுத்தவில்லை. மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

அதன்பிறகு நான் நடந்துகொண்டதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. கடைக்குள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். சிம் ஸ்லாட்டை அந்தக் கண்ணாடியோடு சரிசெய்யப் போய் இரண்டு போனைக் கெடுத்தேன். பைக் ஓட்டிக்கொண்டே பேட்டி கொடுத்துப் பழகினேன். கேள்வியும் நானே, பதிலும் நானே. நாமக்கல்லில் இருக்கும் அந்த ஒருவருக்கு மனசுக்குள் ஒரு முகம் வரைந்தேன். காதல் தோற்றவர். என்ஜினியரிங் படித்தவர். என் பாட்டு இல்லாவிட்டால் என்ன செய்துகொள்வாரோ என்று சமயத்தில் கவலைகூடப் பட்டேன்.

“ஒருத்தரக் காட்டணும்னீங்களே, இங்க பாரு” என்று மனைவியிடம் போனை நீட்டினேன். மரியாதையா ஒருமையா என்று தெரியாமல் நாக்கு குழறும் அளவுக்குச் சந்தோஷம்.

அவள் பார்த்துவிட்டு, “நாள் முழுக்கவா கேப்பாங்க? வேல வெட்டி இல்லாத யாரோ” என்றாள். “ஆளு யாருன்னு தெரியட்டும்.”

அந்த ஆளுக்காகவே ஒன்பதாவதாக ஒரு பாட்டு செய்து ஏற்றினேன். முதல் பாதி மென்மையாகப் போகும். நடுவில் வானம் இடிந்து விழுகிற மாதிரி டிரம்ஸ். அவருடைய சோகம் உடைந்து வெளியே வர வேண்டும் என்பது என் திட்டம்.

மூன்றாம் நாள் போன் வந்தது.

“ஏனுங்க, இந்தப் பாட்டுப் போட்டவருங்களா? படத்துல நம்பர் போட்டிருந்துதுங்க.”

ஆமாங்க என்றேன். கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டேன்.

“நான் நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வெச்சிருக்கறனுங்க. உங்க பாட்டுத்தான் ஷெட்டுல தெனமும் ஓடுதுங்க. இப்பப் புதுசா ஒண்ணு போட்டிருக்கறீங்களே, நடுவால டமார்னு அடிக்குதுங்க. கோழி பூராவும் மெரண்டு போச்சுங்க. ரெண்டு நாளா ஓடே இல்லாம தோல் முட்டையா வருது. அத மட்டும் கொஞ்சம் எடுத்துப் போட்டீங்கன்னா தேவலைங்க.”

“கோழிங்களா?”

“ஆமாங்க. முட்டைக் கோழி. நாப்பதாயிரம் இருக்குதுங்க.”

சாயங்காலம் வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். மறைக்கத்தான் நினைத்தேன், முகம் காட்டிக் கொடுத்துவிட்டது. மனைவி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை.

“கோழி கணக்குல வராது” என்றாள்.

“நீ கோழின்னு தனியாச் சொல்லலயே.”

“மனுசங்கன்னு நான் தனியாச் சொல்லணுமா?”

கெடு முடிய ஒரு வாரம் இருந்தது. அவள் அண்ணன் ஆலைக்குள் எனக்கு ஒரு மேசையும் நாற்காலியும் போட்டுவிட்டதாகப் போன் செய்தார். சிந்தசைசரை வாங்கிக்கொள்ள ராசிபுரத்தில் ஒரு சர்ச் வாத்தியக்காரர் தயாராக இருந்தார். நாற்பதாயிரம் கோழிக்கு நடுவில் காது உள்ள மனுஷர் ஒருவராவது இருக்க மாட்டாரா என்று ஞாயிற்றுக்கிழமை பைக்கை எடுத்தேன்.

பண்ணை புதுச்சத்திரம் தாண்டி இருந்தது. வாசலில் மருந்துத் தண்ணீரில் காலை நனைத்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்கள். பண்ணைக்காரர் வெள்ளைச் சட்டையில், வெகு மரியாதையாக வந்து கையைப் பிடித்துக்கொண்டார். இவர்தான் என் ஆள் என்று நினைத்து, “எந்தப் பாட்டு பிடிச்சுதுங்க?” என்று கேட்டேன்.

“நானெங்கீங்க கேட்டேன். ஆபீஸ்ல உக்காந்துக்குவேன்” என்றார். “ஷெட்டுல ஒரு சத்தம் ஓடிட்டே இருந்தா, ரோட்டுல லாரி ஹார்ன் அடிச்சாலும் கோழி மெரளாதுங்க. மொதல்ல ரேடியோ போட்டம். விளம்பரக்காரன் திடீர்னு கத்தறான். சினிமாப் பாட்டு போட்டா தவில் அடிச்சுப்போடறான். அப்பறம் என்ற மருமவ, தூங்கறதுக்குன்னு போன்ல இருந்த பாட்டுல தேடி உங்களுத எடுத்துக் குடுத்துது. உங்க பாட்டுங்க, ஏறவும் மாட்டேங்குது, எறங்கவும் மாட்டேங்குது. அந்த மாதிரி யாராலயும் பண்ண முடியாதுங்க.”

என் இசை வாழ்க்கையில் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு அது. மனதாரச் சொன்னார். பில் புத்தகம் கையில் இல்லாததால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

ஷெட்டுக்குள் கூட்டிப் போனார். இரண்டு பக்கமும் கூண்டு வரிசை. தீவனத் தொட்டிக்கு மேல் ஆயிரம் ஆயிரமாய்த் தலைகள். கம்பத்தில் கட்டிய ஸ்பீக்கரில் என் இரண்டாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவ்வளவு பெரிய கூட்டத்துக்கு முன்னால் நான் நின்றதே இல்லை. ஒரு கோழி என்னைத் தலை சாய்த்துப் பார்த்தது. மற்றவை தின்றுகொண்டிருந்தன. கல்யாணக் கச்சேரிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

வரிசையின் கடைசியில் ஓர் அம்மா முட்டை எடுத்து அட்டையில் அடுக்கிக்கொண்டு வந்தார். ஐம்பது வயதிருக்கும். புடவைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை, தலையில் துண்டு.

“இவருதான் அந்தப் பாட்டுக்காரரு” என்றார் பண்ணைக்காரர்.

அந்த அம்மா முட்டையை வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஏஞ்சாமி, இப்பச் சளி தேவலைங்களா?”

“எனக்குச் சளி இல்லைங்களே.”

“அஞ்சாவது பாட்டுல இருமறீங்களே சாமி. மெதுவா ஒரு எடம் வரும், நீங்க பாடாம சும்மா இருப்பீங்க. அப்ப ஒருக்கா இருமறது கேக்கும். தெனமும் அந்த எடம் வாரப்ப நெனச்சுக்குவேன், அய்யோ, ஊட்ல யாரும் கசாயம் வெச்சுக் குடுக்க மாட்டாங்களாட்ட இருக்குதுன்னு.”

“நீங்க முழுசாக் கேட்டிருக்கீங்களா?”

“கேக்காம எங்க போறது? நாலாவது பாட்டு முடியறதுக்குள்ள இந்த மேக்கு வரிசைய முடிச்சுப்போடோணும். முடியலீன்னா அன்னிக்கு மெல்லமா வேலை செய்யறேன்னு அர்த்தம். ஏழாவது பாட்டு ஆவாதுங்க, இழுவை. எட்டாவது நல்லாருக்கும்.”

“எட்டாவது ஏன் பிடிக்கும்?”

“அது வந்துச்சுன்னா டீ வரும்.”

ஒன்பதாவதில் டிரம்ஸை எடுத்துவிடுகிறேன் என்று பண்ணைக்காரரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஒரு புளியமரத்தடியில் பைக்கை நிறுத்தி, ஹெட்போனை மாட்டி, என் ஐந்தாவது பாட்டை நானே கேட்டேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், ஆல்பம் வந்தபிறகு முதலிலிருந்து கடைசிவரை நான் அதைக் கேட்டதே இல்லை. மெல்லிய இடம் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு, அடக்கி அடக்கி, ஒரே ஒரு இருமல். இருந்தது. ஆனால் என்னுடையது இல்லை. நான் இருமினால் அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

வீட்டுக்குப் போனபோது மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். ஏழாவது இழுவை என்றதற்குத் தலையாட்டினாள். இருமல் என்றதும் கை நின்றுபோயிற்று.

“அது நாந்தாங்க” என்றாள்.

பதிவு செய்த அன்று மூலையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாளாம். மூச்சுக்கூட விடக்கூடாது என்று நான் போட்ட உத்தரவில் அரை மணி நேரம் அடக்கிப் பார்த்தாளாம். முடியவில்லை, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு தடவை இருமிவிட்டாளாம். எனக்கு அது ஞாபகமே இல்லை. நான் கண்ணை மூடி அடுத்த வரிக்குக் காத்திருந்திருப்பேன்.

“பாட்டுல விழுந்துருச்சான்னு பாக்கறதுக்குத்தான் ஹெட்போன்ல போட்டுக் கேட்டேன். எட்டையும். மூணு தடவ.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா, எந்த எடம்னு கேப்பீங்க. மறுபடியும் மெத்தைய ஜன்னல்ல சாத்துவீங்க.”

“பாட்டு எப்படி இருந்துச்சு?”

“நான் இருமலத்தாங்க கேட்டேன்.” மடித்த துணியையே மறுபடி மடித்துக்கொண்டு, “அந்த அக்கா நெசமாவே கசாயம்னு சொன்னாங்களா?” என்றாள்.

“சொன்னாங்க.”

அவள் எழுந்து போய்ப் போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டாள். நான் துணியை மடிப்பதுபோல் பாவனை செய்துகொண்டு கேட்டேன்.

“அண்ணா, அவரு வரலண்ணா. கிழங்கு எறக்க வேற ஆளப் பாரு… இல்ல, அது சரியா வராது… ஆமா, பாட்டுதான்… கேக்கறாங்களாம். நாமக்கல்ல.”

மறுமுனையில் அவர் என்னவோ கேட்டார். அவள் என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்:

“நாப்பதாயிரம் இருக்கும்.”