'விஷம்' ஒட்டிய புட்டியோடு ஜவ்வாது மலைக்கு

போன மாதம் ஒரு சனிக்கிழமை, காலை 6.40க்குத் திருப்பத்தூரில் பேருந்து ஏறினோம். ஆளுக்கு 45 ரூபாய். அக்கா வேதியியல் ஆராய்ச்சி மாணவி. நான் பன்னிரண்டாம் வகுப்பு, இலவச மூட்டைதூக்கி. காவலூர் தாண்டி ஒரு மலைக் கிராமத்தில் சாமை உமி வாங்க வேண்டும்.

உமிச் சாம்பலிலிருந்து சிலிக்கா எடுத்து, அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகளை உண்டாக்குகிறாள் அக்கா. துளைக்குள் மருந்தை ஏற்றினால், உடம்பில் ஒரேயடியாகக் கொட்டாமல் மெல்ல இறங்குமாம். (அம்மாவின் திட்டுக்கு நேர்மாறு.) "எங்க உமில இன்னா செய்றீங்கன்னு காட்னாதான் அடுத்த மூட்டை" என்று அந்தக் கிராமத்து அரவை மில் காளியம்மா சொல்லிவிட்டார். அதற்காகவே மருந்துக்குப் பதில் நீலச் சாயம் ஏற்றிய பொடி, சின்னப் புட்டியில். எட்டு மாத உழைப்பில் மிஞ்சியது அவ்வளவுதான்.

அதன்மேல் முந்தைய நாள் நான் மண்டையோடு வரைந்து 'விஷம்' என்று ஒட்டியிருந்தேன். பையைத் திறந்ததும் அக்கா அலறுவாள் என்று திட்டம். திறந்தவரோ சோதனைச் சாவடி வனக் காவலர்.

"இன்னாம்மா இது? மானுக்கு வெக்கவா, பன்னிக்கு வெக்கவா?"

"சார், நான்தான் ஒட்னேன். தமாசுக்கு."

"தமாசா? எறங்குங்க ரெண்டு பேரும்."

கல்லூரிக் கடிதம் பையின் அடியில் கிடந்தது. எடுத்துக் கொடுத்தோம். இரண்டு முறை படித்தார். "தண்ணில போட்டா சாயம் மெதுவா வரும்னு போட்ருக்கு. காட்டும்மா. ஒடனே கலங்குச்சின்னா புட்டி இங்கயே இருக்கும்."

"சார், பத்து நிமிசம்தான் நிப்பேன்" என்றார் நடத்துநர்.

என் தண்ணீர் பாட்டிலில் ஒரு சிட்டிகை போட்டாள் அக்கா. பொடி அடியில் படிந்தது.

"துளைக்கு வெளில ஒட்னு இருக்கிற சாயம் சரியா போவலன்னா ஒடனே கலங்கிடும்டா."

"கழுவினியா?"

"மூணு தடவ." என்னைப் பார்க்காமலே சொன்னாள். காவலரைவிட அதுதான் பயமாக இருந்தது.

நான்காவது நிமிடம், அடியிலிருந்து நீல நூல் ஒன்று எழுந்தது. தண்ணீர் கலங்கவில்லை. ஒன்பதாவது நிமிடத்திலும் அடியில் மட்டும் வெளிர்நீலம். காவலர் புட்டியிலிருந்த 'விஷம்' சீட்டைக் கிழித்து என் சட்டைப் பையில் திணித்தார். "ஏறுப்பா. பேனாவ வூட்லயே வெச்சிட்டு வா."

காளியம்மா பொடியைத் தண்ணீரில் போட்டுப் பார்த்துவிட்டு, "இது எங்க உமியா!" என்று இரண்டு மூட்டை கொடுத்தார். இரண்டையும் பேருந்து நிற்கும் இடம்வரை ஒரு கிலோமீட்டர் நானே சுமந்தேன்.

போகிறவர்களுக்கு: பேருந்துகள் குறைவு, திரும்பும் நேரத்தை நடத்துநரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். கடிதம் பையின் மேலே இருக்கட்டும். புட்டியில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். எங்கள் புட்டியில் இப்போது 'சாமை உமிச் சிலிக்கா, நீலச் சாயம்' என்றிருக்கிறது. என் கையெழுத்துதான். கோணலாக இருக்கிறதென்று மூன்று தடவை எழுத வைத்தாள் அக்கா.