அவருக்கும் சேர்த்து நான் பேசினேன்

ஷிப்டுக்காரர் வீட்டில் கணவனுக்கும் சேர்த்து மனைவிதான் பேச வேண்டும். நைட் ஷிப்ட் முடித்துவிட்டு என் வீட்டுக்காரர் பகலெல்லாம் தூங்குவார். கல்யாணப் பத்திரிகையோ யூனியன் கூட்டமோ, யார் வாசலுக்கு வந்தாலும், "அவரு வரமாட்டாரு", "அவருக்கு அதெல்லாம் புடிக்காது" என்று நானே பதில் சொல்லி அனுப்பிவிடுவேன். எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக்கில் எல்லா வீட்டிலும் இதுதான் நடப்பு. என் வாய்க்கு மூடியே கிடையாது என்று அவரே கேலி செய்வார். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்.

போன வருஷம் நிலக்கரி மைன்ஸில் வேலையில் இருக்கும்போதே அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு அடியோடு போகவில்லை, இழுத்து இழுத்து வரும் என்றார்கள் ஆஸ்பத்திரியில். ஆனால் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பிய பிறகு அவர் பேசவே இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். கைகால் பயிற்சிக்கும் எழுந்திருக்க மாட்டார். இப்படியே விட்டால் ஆள் நமக்கு இல்லை என்ற பயத்தில், மனநல ஆலோசகரிடம் கூட்டிப்போனேன். பண்ருட்டிப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும்.

"எப்படி இருக்கீங்க சார்?" என்று அவரைக் கேட்டாள்.

"நல்லாத்தான் சாப்புடுறாரு மேடம்" என்றேன்.

"தூக்கம் வருதா?"

"விடியறதுக்கு முன்னாடியே முழிச்சிக்கினு கெடக்குறாரு."

"மனசுல என்ன ஓடுது?"

"ஒண்ணுமில்ல மேடம், கால் சரியாவணும்னுதான்."

மூன்று வாரம் இப்படியே போனது. நான்காவது வாரம் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, இன்னிக்கி நீங்க பேசக் கூடாது. எவ்ளோ நேரமானாலும் அவரே சொல்லட்டும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நேற்று வந்தவளுக்கு என்ன தெரியும்? பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். வாய் கோணி, எச்சில் வழிய, நடுவில் இரண்டு முறை நிறுத்தி, அவர் சொல்லி முடித்தார்.

"நான்... அன்னிக்கே... செத்திருந்தா... இவ... நிம்மதியா இருந்திருப்பா."

அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். முடியவில்லை. ஐப்பசி மழையில் ஒரு நாள், காய்ந்த விரிப்பு ஒன்றுகூட இல்லாமல் மூன்றாம் முறை அவர் படுக்கையை மாற்றும்போது, நானும் அதையேதான் நினைத்தேன். அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"இப்ப நீங்க சொல்லுங்கம்மா" என்றாள் அவள்.

"ஒரு நாள் நெனச்சேங்க" என்று அவரிடம் சொன்னேன். "ஒரே ஒரு நாள்."

"தெரியும்" என்றார்.

படுத்த நாளிலிருந்து முதல்முறையாக அவர் அழுதார். ஆறுதல் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து நானும் அழுதேன்.