இரண்டு ரிங்

ரயிலில் குண்டு வெடித்த மறுநாள் காலையிலேயே வண்டிகள் நிரம்பி ஓடின. அதை டிவியில் காட்டி, இந்த நகரத்தின் மனவலிமையைப் பாருங்கள் என்று ஒருவர் பூரித்துப் போய்ப் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு அந்த டிவியைத் தூக்கிப் போட்டு உடைக்கலாம் போலிருந்தது. லீவு கிடைக்காதவன் வண்டி ஏறுவதற்குப் பெயர் மனவலிமையா? என் கணவரின் உடலை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டு வருவதற்காக நாங்கள் காத்திருந்த காலை அது.

அவர் லோயர் பரேலில் ஓர் அச்சகத்தில் மிஷின் ஓட்டினார். நான் தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் டீச்சர். வீடு மாட்டுங்கா லேபர் கேம்ப்பில். அந்த நாட்களில் எங்கள் சந்தில் எல்லா வீட்டிலும் மிஸ்டு கால் பாஷை ஒன்று இருந்தது. எங்கள் வீட்டில் ஒரு ரிங் அடித்து நின்றால் வண்டி ஏறிவிட்டார் என்று அர்த்தம். இரண்டு ரிங் என்றால் மாஹிமில் இறங்கிவிட்டார், அடுப்பைப் பற்ற வைக்கலாம். அங்கிருந்து நடந்து வர அவருக்கு இருபது நிமிஷம் ஆகும். செருப்பைக் கழற்றும்போது தோசை கல்லில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவருடைய அதிகாரம். போனை மட்டும் எடுத்துவிடக் கூடாது. கல்யாணமான புதிதில் தெரியாமல் இரண்டு மூன்று தடவை எடுத்து, "எதுக்கு எடுத்த?" என்று திட்டு வாங்கியிருக்கிறேன்.

அன்று சாயங்காலம் ஒரு ரிங் வந்தது. கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டு அக்கா ஓடிவந்து, நம் லைனில் வண்டியில் குண்டு வெடித்துவிட்டது என்றாள். அவள் வீட்டுக்காரரும் அதே லைனில் அந்தேரியிலிருந்து வருகிறவர். இருவரும் மாற்றி மாற்றிப் போன் போட்டோம். யாருடைய போனும் போகவில்லை. அடிபட்டவர்களைக் கொண்டுபோகிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிடலாம் என்று நான்தான் முதலில் சொன்னேன். எங்கள் சந்திலிருந்து நடந்தாலே கால் மணி நேரம்தான். புடவையைக்கூட மாற்றாமல், கதவைப் பூட்டச் சாவியை எடுத்துவிட்டேன்.

அப்போது கையிலிருந்த போன் அடித்தது. அவர் நம்பர். ஒன்று, இரண்டு. நின்றுவிட்டது.

நான் எடுக்கவில்லை. போன் என் உள்ளங்கையில்தான் இருந்தது. விரலை அசைத்திருந்தால் போதும். எண்ணிக்கொண்டே நின்றேனே தவிர, எடுக்கத் தோன்றவில்லை. மூன்றாவது ரிங் வந்திருந்தால் எடுத்திருப்பேன். வராததில்தான் எனக்கு உயிரே வந்தது. சாவியை ஆணியில் திரும்ப மாட்டினேன். அடுப்பைப் பற்ற வைத்தேன்.

எதிர்வீட்டு அக்கா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நீ குடுத்து வச்சவ. என் வீட்டு மனுசனத்தான் காணல" என்று அழுதாள். "வந்துருவாவக்கா, வழியில எங்கயாவது நிப்பாவ" என்று நான் அவளைத் தேற்றினேன். சும்மா வாய் வார்த்தைக்கு இல்லை. என் குரலில் ஒரு தெம்பே இருந்தது. அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். தேங்காய் இருந்தது, சட்னியும் அரைத்தேன். அக்கம்பக்கத்தில் யாராவது கேட்டால், எங்க வீட்டுக்காரர் இறங்கியாச்சு என்று சொன்னேன். பெருமையாகவே சொன்னேன்.

இருபது நிமிஷம் நாற்பது ஆனது. ஸ்டேஷனில் அடிபட்டவர்களைத் தூக்கிக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். ரோட்டில் யாராவது விழுந்து கிடந்தால் கடந்து போகத் தெரியாத மனிதர். அதற்கும் மேல் ஒரு மணி நேரம் கழித்து எதிர்வீட்டு அண்ணாச்சி வந்து சேர்ந்தார், பாதி தூரம் தண்டவாளத்திலேயே நடந்து வந்தாராம். அக்கா அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு கதறினாள். அவர் என்னைப் பார்த்து, "அவன் எங்கம்மா?" என்று கேட்டார். இறங்கியாச்சு என்றேன். அவர் முகம் மாறியது. குண்டு வெடித்ததிலிருந்து மாஹிமில் எந்த வண்டியும் வந்து நிற்கவில்லை என்றார்.

நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது என் கணவரின் உயிர் போய் அரை மணி நேரம் ஆகியிருந்தது. உடம்பில் சூடு இருந்தது.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த பிறகு ஒருவர் வீடு விசாரித்துக்கொண்டு வந்தார். மராட்டிக்காரர், ஐம்பது வயதிருக்கும். குண்டு வெடித்த பெட்டிக்கு அடுத்த பெட்டியில் வந்தவராம். என் கணவரைப் போர்வையில் தூக்கி டெம்போவில் ஏற்றியதும், ஆஸ்பத்திரியில் கடைசி வரை கூட இருந்ததும் அவர்தான். நான் அவரிடம் ஒன்றுதான் கேட்டேன். அந்தப் போனை யார் செய்தது, லைன் அறுந்துதான் இரண்டு ரிங்கில் நின்றதா?

அவர் இந்தியில் சொன்னார். ஆஸ்பத்திரிக்கு வந்ததும் போனில் நம்பரை அழுத்தியது அவர்தான். நிறுத்தச் சொன்னது என் கணவர். "முழுசா அடிக்க வேணாம் பாய், பயந்துருவா. ரெண்டு ரிங் விட்டு கட் பண்ணுங்க. கட்டுப் போட்டதும் நானே வீட்டுக்குப் போயிடுவேன்" என்று இந்தியில் சொன்னாராம். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் நினைவோடு இருந்திருக்கிறார். தண்ணீர் கேட்டிருக்கிறார். தமிழில் ஏதேதோ பேசியிருக்கிறார். தனக்குப் புரியவில்லை என்று அந்த மனிதர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

உன்னை ஒரு மணி நேரமாவது நிம்மதியாக வைத்திருந்துவிட்டுப் போயிருக்கிறார் என்று எதிர்வீட்டு அக்கா இன்றைக்கும் சொல்கிறாள். நல்ல மனதோடுதான் சொல்கிறாள். எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. குண்டு வைத்தவர்கள் மேல் உள்ள கோபத்தையாவது ஊரோடு சேர்ந்து கோபப்பட்டு ஆற்றிக்கொள்ளலாம். இவர் மேல் உள்ள கோபத்தை நான் யாரிடம் சொல்வது? கால் மணி நேரத்தில் நான் அங்கே இருந்திருப்பேன். அவர் தமிழில் பேசிய அந்த ஒரு மணி நேரமும் எனக்குச் சேர வேண்டியது. அதைத் தமிழ் தெரியாத ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்.