பாலத்தில் நின்ற கரி பஸ்

மயிலாப்பூரிலிருந்து அடையாறு போகும் பஸ் பாலத்து ஏற்றத்தில் இருமிவிட்டு நிற்கிறது. யுத்தத்தால் பெட்ரோல் கிடைப்பதில்லை. பின்னால் கட்டியிருக்கும் கரி அடுப்பின் புகையில்தான் வண்டி ஓடுகிறது. கண்டக்டர் முன்பு கப்பலில் பாய்லருக்குக் கரி தள்ளியவராம்.

“பாய்லர்ல பிரஷர் இல்ல! எல்லாம் போர்ட் சைடா எறங்கு!” என்கிறார்.

மதுரைக்காரன் நான் விழிக்கிறேன்.

“இடது பக்கம். ஊருக்குப் புதுசா?” என்றபடி இறங்குகிறாள் பக்கத்து சீட்டு மாமி.

எல்லோரும் தள்ளுகிறோம். கண்டக்டர் மட்டும் படியில் நிற்கிறார்.

“நீங்களும் ஒரு கை போடலாமே?” என்கிறேன்.

“இன்னா நைனா, கேப்டன் கடைசியாத்தான் எறங்கணும். கப்பல் ரூல் அது!”

கரி தள்ளியவர் எப்போது கேப்டன் ஆனார் என்று கேட்க எனக்கு மூச்சில்லை.

உச்சியில் இன்ஜின் உயிர் பிடிக்கிறது. “ஃபுல் அஹெட்!” என்று கத்துகிறார் கண்டக்டர். எங்கள் மூட்டைகளோடும் கேப்டனோடும் பஸ் இறக்கத்தில் பறக்கிறது.

“நிறுத்துய்யா!” என்று பின்னாலேயே கத்துகிறோம்.

“நங்கூரம் அடையாத்துலதான்!” என்று பதில் வருகிறது.

மாமி தலைப்பை இழுத்துச் செருகிக்கொள்கிறாள்.

“கடைசியாத்தானே எறங்குவார்? நாமதான் எல்லாரும் எறங்கியாச்சே. வாங்கோ, போய் எறக்கிடலாம்.”